செவி மூடிய யந்திரமும் புறச்சாட்சிகளும்

கணிப்பொறியை ஆளும் மென்பொருளுக்கு மையமாக நின்று மற்ற எல்லாவற்றையும் நடத்தி வைக்கும் கெர்னல், வெளியிலிருந்து வரும் குறுக்கீடுகள் அனைத்தையும் தடுத்து வைத்திருக்கும் வேளையில் எங்கேனும் சிக்கிக்கொள்ளுமானால், அந்த யந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவருக்கு அது உயிர் நீத்துவிட்டதாகவே தோன்றும். திரையில் இருந்த எழுத்து இருந்தபடியே நிற்கும். மவுஸை எவ்வளவு அசைத்தாலும் அம்புக்குறி நகராது. கேப்ஸ் லாக் விசையை அழுத்தினால் அதற்குரிய சிறு விளக்கு எரிவதுமில்லை, அணைவதுமில்லை. வேறொரு கணிப்பொறியிலிருந்து நெட்வொர்க் வழியே கூப்பிட்டுப் பார்த்தாலும் மறுமொழி வராது. ஆயினும் விசிறி சுழன்றுகொண்டிருக்கும், செயலி சூடேறிக்கொண்டிருக்கும். உள்ளே இரண்டு மூன்று கட்டளைகள் விநாடிக்குக் கோடிக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப நிறைவேறிக்கொண்டிருக்கின்றன என்பதற்கு அந்தச் சூடு ஒன்றே அத்தாட்சி.

மற்றப் பிழைகளுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தனக்கு உரிமையில்லாத நினைவகப் பகுதியை ஒரு புரோகிராம் தொட்டால் யந்திரம் உடனே ஆட்சேபிக்கிறது. பூஜ்யத்தால் வகுத்தால் அதையும் தெரிவிக்கிறது. தவறு நேர்ந்த இடத்தின் விலாசமும் கையோடு கிடைத்துவிடுகிறது. குறுக்கீடுகள் தடைப்பட்ட நிலையில் நேரும் தேக்கத்திலோ யந்திரத்தின் கணக்கில் தவறு எதுவுமே நிகழவில்லை. ஒவ்வொரு கட்டளையும் சட்டப்படியே நிறைவேறுகிறது. நாம் கேட்க விரும்பும் கேள்விகளோ, அவை விசை அழுத்தமாக வந்தாலும் கடிகாரத் துடிப்பாக வந்தாலும் நெட்வொர்க் செய்தியாக வந்தாலும், குறுக்கீடு என்னும் ஒரே வாயிலின் வழியாகத்தான் உள்ளே செல்ல முடியும். அந்த வாயில்தான் மூடிக்கிடக்கிறது. எனவே இந்தப் பிழையைத் தேடும் தொழிலின் சரித்திரம் முழுவதையும், சிக்கிக்கொண்ட செயலியின் தயவை நாடாத ஒரு சாட்சியைத் தேடிய சரித்திரமாகவே நான் காண்கிறேன். அப்படிப்பட்ட சாட்சி ஒருவர் ஆரம்பத்தில் எல்லா யந்திரங்களிலும் இருந்தார். சிக்கனத்தின் பேரால் அவரை வெளியேற்றினார்கள். பிறகு பல பத்தாண்டுகள் பாடுபட்டு, வேறு வேறு வேடங்களில் அவரைத் திரும்பவும் அழைத்து வரவேண்டியதாயிற்று.

குறுக்கீடு என்ற ஏற்பாடே தோன்றாதிருந்த ஆதிக் கணிப்பொறிகளில் இந்த வியாதிக்கு இடமில்லை. புரோகிராம் ஒன்று தொடங்கினால் முடியும் வரை அதுவே ஓடும். காந்த நாடாவிலிருந்தோ அட்டையிலிருந்தோ தகவல் வரவேண்டுமானால் வரும் வரை காத்திருக்கும். அது முடிவின்றிச் சுற்றத் தொடங்கிவிட்டாலும் கண்டுபிடிப்பதற்கு வழி இருந்தது. அக்காலத்து யந்திரங்கள் பலவற்றில் ஓர் ஒலிபெருக்கியைச் சர்க்கியூட்டோடு இணைத்து வைத்திருந்தார்கள். வேலை ஒழுங்காக நடக்கையில் எழும் ஏறியிறங்கும் ஒலிக்குப் பழகிய காது, புரோகிராம் சுழலில் சிக்கியதும் எழும் மாறாத ஒற்றை ஸ்வரத்தை அக்கணமே இனம் கண்டுகொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதே அட்டைகளை அதே வரிசையில் மறுபடியும் கொடுத்தால் அதே தவறு அதே இடத்தில் மறுபடியும் நிகழும் என்ற நிச்சயம் இருந்தது. பிழை தேடுபவனுக்கு இதைவிடப் பெரிய பாக்கியம் கிடையாது.

ஆனால் காத்திருத்தல் விலையுயர்ந்த காரியம். இத்தனை பொருட்செலவில் கட்டிய யந்திரம் ஒரு நாடா சுழலுவதற்காகச் சும்மா நிற்பதைப் பொறுக்காத எஞ்சினியர்கள், வெளிச் சாதனம் தயாரானதும் அதுவே செயலியைத் தட்டிக் கூப்பிடும்படி ஏற்பாடு செய்ய முனைந்தார்கள். அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணயக் கழகம் 1954-இல் இரண்டு டிரெய்லர் வண்டிகளில் அமைத்த டைசியாக் என்ற கணிப்பொறியில், வெளியிலிருந்து வரும் சமிக்ஞை ஒன்று ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமிலிருந்து வேறொன்றுக்குச் செயலியை மாற்றிவிடும் வசதி இருந்தது. 1956-ஆம் ஆண்டை ஒட்டி வந்த யுனிவாக் 1103ஏ யந்திரத்தில், கிளீவ்லாந்து நகரத்து லூயிஸ் ஆராய்ச்சிக் கூடத்தின் காற்றுச் சுரங்கச் சோதனைகளுக்காக, அளவுகள் வந்து சேரும்போது மற்ற வேலைகளை இடைமறித்து அவற்றைக் கவனிக்கும் முறை புகுத்தப்பட்டது.

இதன் விளைவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அந்த நாளிலேயே முழுமையாக உணர்ந்து கலங்கியவர் ஹாலந்து தேசத்து எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. ஆம்ஸ்டர்டாம் கணித நிலையத்தில் எலெக்ட்ரோலாஜிக்கா எக்ஸ்-1 என்ற யந்திரம் உருவாகிவந்த ஐம்பதுகளின் பிற்பகுதியில், அதன் சிற்பிகளான லூப்ஸ்ட்ராவும் ஸ்கோல்டனும் குறுக்கீட்டைச் சேர்க்கலாம் என்று யோசனை கூறினார்கள். அதற்கான புரோகிராமை எழுதவேண்டியவரான டைக்ஸ்ட்ரா உடனே இசையவில்லை. எந்த இரண்டு கட்டளைகளுக்கு இடையே குறுக்கீடு வந்து விழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத யந்திரத்தில், ஒரு தடவை நேர்ந்த தவறு மறு தடவை நேராமலே போகலாம். நேராத தவறைத் திருத்துவது எவ்விதம் என்பதே அவருடைய அச்சம். சில காலம் தயங்கிய பின் இசைந்தார். அந்த யந்திரத்துக்கு அவர் எழுதிய குறுக்கீட்டுப் புரோகிராமை மையமாகக் கொண்ட ஆராய்ச்சிக்கே 1959-இல் டாக்டர் பட்டமும் பெற்றார். பரீட்சித்துப் பார்த்துப் பிழையைக் களைவதற்குப் பதிலாக, பிழை நுழைய இடமில்லை என்று தர்க்கத்தால் நிறுவ வேண்டும் என்று அவர் வாழ்நாள் முழுவதும் வற்புறுத்தி வந்ததற்கு இந்த எக்ஸ்-1 அனுபவமும் ஒரு முக்கியமான காரணம் என்பது என் அபிப்பிராயம்.

குறுக்கீடு வந்ததும் அதைத் தடுத்து வைக்கும் உபாயமும் கூடவே வரவேண்டியதாயிற்று. பேரேட்டில் ஒரு கணக்கிலிருந்து கழித்த தொகையை மற்றொரு கணக்கில் வரவு வைப்பதற்குள் முதலாளி வந்து இருப்பைக் கேட்டால், கணக்குப்பிள்ளை சொல்லும் தொகை பொய்யாகத்தான் இருக்கும். ஆகையால் அந்த இரண்டு வரிகளை எழுதி முடிக்கும் வரை அவர் கதவைத் தாழிட்டுக்கொள்வது நியாயம். கெர்னலும் தன் பட்டியல்களில் ஒன்றைத் திருத்தும்போது, பாதி திருத்திய நிலையில் கடிகாரமோ டிஸ்க்கோ குறுக்கே வந்து அதே பட்டியலைத் தொட்டுவிடாதிருக்கும் பொருட்டு, குறுக்கீடுகளைச் சில கணங்கள் தடுத்து வைக்கிறது. இன்டெல் செயலிகளில் இதற்கு ஒரே ஒரு பைட் நீளமுள்ள ஒரு கட்டளை போதும். மறுபடி திறப்பதற்கு இன்னொன்று. இவ்வளவு சிறிய இந்த ஜோடியில், திறக்கும் கட்டளை ஏதோ ஒரு வழியில் விட்டுப்போனாலும், அல்லது இரண்டுக்கும் நடுவே ஒருபோதும் நிறைவேறாத ஒரு நிபந்தனைக்காகக் காத்திருக்க நேர்ந்தாலும், யந்திரம் முழுவதும் ஸ்தம்பித்துவிடும்.

அறுபதுகளிலும் எழுபதுகளின் முற்பகுதியிலும் இந்த விபத்து நேர்ந்தபோது, நான் முதலில் சொன்ன அந்தச் சாட்சி கண்ணெதிரே இருந்தது. அது யந்திரத்தின் முகப்புப் பலகை. 1964-இல் ஐ.பி.எம். அறிவித்த சிஸ்டம்/360 வரிசையில், செயலியின் அப்போதைய கட்டுப்பாட்டு நிலையை 64 பிட்டுகளில் அடக்கிய ஒரு சொல் உண்டு. எந்தெந்தக் குறுக்கீடுகளுக்கு அனுமதி என்பதும், அடுத்து நிறைவேறவேண்டிய கட்டளையின் விலாசமும் அதற்குள்ளேயே இருக்கும். அனுமதிப் பிட்டுகள் யாவும் பூஜ்யமாக இருக்க, காத்திருக்கும்படி சொல்லும் பிட் மட்டும் ஒன்றாக இருக்குமானால், ஆபரேட்டர் கை வைத்தாலன்றி அந்த யந்திரம் விழிக்காது. இந்த நிலையையே ஒரு மொழியாக மாற்றிக்கொண்ட சாமர்த்தியத்தைப் பாராட்ட வேண்டும்: இயக்க மென்பொருள் இனித் தன்னால் இயலாது என்று கண்டபோது, விலாசம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு குறியீட்டு எண்ணை வைத்துவிட்டு உறங்கிவிடும், ஆபரேட்டர் அந்த எண்ணைப் படித்துக் கையேட்டைப் புரட்டிக் காரணம் தெரிந்துகொள்வார்.

டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் பி.டி.பி.-11 யந்திரங்களில் இந்தப் பலகை இன்னும் நெருக்கமான தோழன். நிறுத்து என்ற சுவிட்சைக் கீழே தள்ளினால் செயலி நின்றுவிடும். குறுக்கீடுகள் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் அந்தச் சுவிட்சுக்கு ஒன்றுதான். விலாச விளக்குகள் மூன்று மூன்றாகப் பிரிந்து எரிவதை எட்டடிமான எண்ணாகப் படித்து, காகிதத்தில் குறித்துக்கொண்டு, ஒரு கட்டளை மட்டும் முன்னேறச் செய்து மறுபடியும் குறித்துக்கொண்டு, சுழலின் வட்டம் முழுவதும் காகிதத்தில் விழும் வரை பொறுமையாக இதைத் தொடரலாம். பிறகு கெர்னலின் பெயர்ப் பட்டியலில் அந்த எண்களைத் தேடினால், எந்த ஃபங்ஷனில் எந்த இடத்தில் சிக்கல் என்பது வெளியாகிவிடும். செயலியின் முன்னுரிமை நிலையைக் குறிக்கும் மூன்று பிட்டுகளையும் பார்த்துவிட்டால், டிஸ்க்கின் ஐந்தாம் படி வரை தடைப்பட்டிருக்கிறதா, கடிகாரத்தின் ஆறாம் படி வரையிலா, ஏழு வரை எல்லாமேவா என்பதும் தெரிந்துபோகும்.

1975-இல் பெல் ஆய்வகத்திலிருந்து வெளிவந்து, ஆஸ்திரேலியப் பேராசிரியர் ஜான் லயன்ஸ் 1977-இல் எழுதிய உரையினால் கீர்த்தி பெற்ற யுனிக்ஸ் ஆறாம் பதிப்பில், இந்தப் பலகைக்கும் கெர்னலுக்கும் இருந்த உறவைக் காட்டும் ஒரு சிறிய ஃபங்ஷன் இருக்கிறது. கெர்னல் தானே கன்சோலில் ஓர் எழுத்தை அச்சிடுவதற்காக எழுதப்பட்ட அது, முதற் காரியமாக முகப்புப் பலகையின் சுவிட்சுகளைப் படித்துப் பார்க்கிறது. எல்லாம் பூஜ்யமாக இருந்தால் ஒன்றும் அச்சிடாமலே திரும்பிவிடுகிறது. இல்லையென்றால், கன்சோல் தயாராகும் வரை அதன் நிலைப் பிட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்து நின்று, அந்தச் சாதனத்தின் குறுக்கீட்டையும் தற்காலிகமாக அணைத்துவிட்டு, எழுத்தை நேரடியாக அதன் ரிஜிஸ்டரில் இட்டு, கடைசியில் பழைய நிலையைத் திருப்பி வைக்கிறது. சாதாரணப் புரோகிராம்கள் எழுதுவதெல்லாம் வரிசையில் நின்று குறுக்கீட்டின் உதவியால் அச்சாகையில், கெர்னலின் சொந்தக் குரல் மட்டும் எந்தக் குறுக்கீட்டையும் நம்பாமல் ஒலிக்கவேண்டும் என்று யுனிக்ஸை உருவாக்கிய தாம்ஸனும் ரிட்சியும் தீர்மானித்திருந்ததை ஏறக்குறைய இருபது வரிகளே உள்ள இந்தப் பகுதி காட்டுகிறது. யந்திரம் செவி மூடிய நிலையிலும் பேச வல்லதாக இருக்கவேண்டும் என்ற அந்தத் தீர்மானத்தின் அருமை பிற்காலத்தாருக்கு வெகு தாமதமாகவே புரிந்தது.

பலகையைப் பார்ப்பதற்கோ சுவிட்சைத் தள்ளுவதற்கோ அவகாசம் கிடைக்காத ஓர் இடமும் அக்காலத்தில் இருந்தது. சந்திரனுக்குச் சென்ற அப்போலோ விண்கலங்களின் வழிகாட்டிக் கணிப்பொறியை அமைத்த எம்.ஐ.டி. கருவியியல் ஆய்வகத்தார், மனிதச் சாட்சிக்குப் பதிலாகச் சர்க்கியூட்டையே சாட்சியாக நிறுத்தினார்கள். அந்த யந்திரத்தில் குறுக்கீடுகளைத் தடுக்க ஒரு கட்டளையும் விடுவிக்க ஒரு கட்டளையும் இருந்தன. ஆகவே தடுத்தது தடுத்தபடியே புரோகிராம் சிக்கிக்கொள்ளும் அபாயமும் இருந்தது. ஆய்வகத்தார் இதற்கென்றே ஓர் எச்சரிக்கைச் சர்க்கியூட்டை வைத்தார்கள். ஒரு குறுக்கீட்டைக் கவனிக்கும் வேலை அளவுக்கு மிஞ்சி நீண்டாலும், அல்லது குறுக்கீடே வராமல் அளவுக்கு மிஞ்சிய காலம் கழிந்தாலும் அது செயல்படும். அந்த அளவு 140 மில்லிவிநாடிக்கும் 300 மில்லிவிநாடிக்கும் இடைப்பட்டது. இதன்றி, இரவுக் காவலர் என்று பெயரிட்ட வேறொரு சர்க்கியூட்டும் உண்டு: நினைவகத்தில் எட்டடிமான எண் 67 என்னும் விலாசத்தை மென்பொருள் ஏறக்குறைய விநாடிக்கு ஒரு முறையேனும் தொட்டு வரவேண்டும், 0.64 விநாடி முதல் 1.92 விநாடி வரையிலான கெடுவுக்குள் தொடத் தவறினால் மென்பொருள் எங்கோ சிக்கிவிட்டது என்று அது முடிவு செய்துவிடும். எந்த எச்சரிக்கை எழுந்தாலும் யந்திரம் குறித்த ஒரு விலாசத்திலிருந்து மறுபடி தொடங்கும். வேலைகளோ, எதுவரை முடிந்தது என்று அவ்வப்போது நினைவகத்தில் பதிந்து வைத்த குறிப்புகளைக் கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இந்த அமைப்பைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். குறுக்கீடு வருவது மட்டுமல்லாமல் வராதிருப்பதும் ஒரு செய்தியே என்பதை அவர்கள் கண்டிருந்தார்கள்; காவல் செய்வது மென்பொருளின் ஒரு பகுதியாக இருந்தால் காக்கப்படுவதோடு சேர்ந்து அதுவும் சிக்கிவிடும் என்பதையும் கண்டிருந்தார்கள். சர்வர்களில் இன்று நாம் வைத்திருக்கும் காவல் ஏற்பாடுகள் யாவும் இவ்விரு உண்மைகளின் விரிவே.

தரையில் இருந்த பெரிய யந்திரங்கள் மற்றொரு மார்க்கத்தைக் கைக்கொண்டன. எழுபதுகளின் நடுவில் வந்த கே.எல்.10 என்னும் பெரிய செயலிக்கு முன்னால் ஒரு பி.டி.பி.-11 காவலாக நின்றது. பெரியது தன் உயிர்த்துடிப்பாக ஓர் எண்ணிக்கையை உயர்த்திக்கொண்டே வரவேண்டும். உயர்வது நின்றுவிட்டால் சிறியது அதைக் கவனித்து மறு ஏற்றத்துக்கு ஆவன செய்யும். 1977-இல் வந்த வாக்ஸ்-11/780 யந்திரத்திலும் கன்சோலாக எல்.எஸ்.ஐ.-11 என்ற தனிச் சிறு கணிப்பொறியே இருந்தது. கன்ட்ரோல் விசையோடு பி விசையை அழுத்தினால் பெரிய செயலியின் சம்மதமின்றியே அதை நிறுத்தி அதன் ரிஜிஸ்டர்களைப் படிக்கலாம். முகப்புப் பலகை மறைந்துவிட்டாலும் சாட்சி மறையவில்லை.

சாட்சி மறைந்தது மேஜைக் கணிப்பொறிகளின் காலத்தில்தான். விலையைக் குறைப்பதற்காக விளக்குகள் போயின, சுவிட்சுகள் போயின, காவல் நின்ற சிறு கணிப்பொறியும் போயிற்று. 1981-இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் சிக்கிய செயலியை வெளியிலிருந்து தட்டிக் கேட்கப் பயனருக்கு எந்த வழியும் இல்லை. மின்சாரத்தை அணைத்துப் போடுவது ஒன்றே வழி, அணைத்தாலோ தடயம் முழுவதும் அழிந்துபோகும். 1984-ஆம் ஆண்டின் மெக்கின்டாஷ் இதற்குச் சிறிது விலக்கு: அதன் பக்கவாட்டில் பொருத்திக்கொள்ளத்தக்க ஒரு சிறு பிளாஸ்டிக் துண்டு வரும், அதிலிருந்த இரண்டு பட்டன்களில் ஒன்று மறுதொடக்கத்துக்கு, மற்றொன்று புரோகிராம் எழுதுவோர் ஓடும் யந்திரத்தை இடைமறித்து டீபக்கருக்குள் நுழைவதற்கு. அத்தனை சிறிய செலவில் இது சாத்தியமாயிருந்தும் மற்றவர்கள் பின்பற்றாதது வருந்தத்தக்கது.

பி.சி.யின் செயலியில் அதற்கான விதை இல்லாமற் போகவில்லை. இன்டெல் 8088-இல் எந்தக் கட்டளையாலும் தடுக்க முடியாத ஒரு குறுக்கீட்டுக் கம்பி தனியாக உண்டு. எஞ்சினியர்கள் அதை என்.எம்.ஐ. என்பார்கள். ஐ.பி.எம். அதை நினைவகத்தில் பழுது நேர்ந்தால் தெரிவிப்பது போன்ற சில வேலைகளுக்கு உபயோகித்து அத்துடன் விட்டுவிட்டது. மூடிய செவியிலும் கேட்கும் குரல் ஒன்று ஒவ்வொரு மேஜைக் கணிப்பொறியிலும் பல வருஷங்கள் அநேகமாக உறங்கிக் கிடந்தது.

அதை எழுப்பும் நிர்ப்பந்தம் பல செயலிகள் சேர்ந்த யந்திரங்களால் வந்தது. லினக்ஸ் கெர்னல் 1996-ஆம் ஆண்டின் 2.0 பதிப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட செயலிகளை ஆளத் தொடங்கியபோது, குறுக்கீடுகளைத் தடுப்பது என்றால் எல்லாச் செயலிகளிலும் ஒருசேரத் தடுப்பது என்ற பழைய பொருளையே கூடியவரை காப்பாற்ற முயன்றார்கள். அது மந்தமானது, செயலிகள் பெருகப் பெருக ஏற்கத்தகாததாயிற்று. 2002 ஜூலையில், வளர்ச்சிப் பதிப்பான 2.5.28-இல் லினக்ஸ் எஞ்சினியர் இங்கோ மோல்னார் அந்த உலகளாவிய தடையை அறவே நீக்கினார். அதுமுதல், ஒரு செயலி தன் குறுக்கீடுகளை மட்டும் தடுத்துக்கொள்ளும். மற்றச் செயலிகளிடமிருந்து காத்துக்கொள்ள ஸ்பின் லாக் என்னும் சுழல் பூட்டு வேண்டும். பூட்டு விடுபடும் வரை உறங்காமல் சுற்றிக்கொண்டே காத்திருப்பது அதன் இயல்பு. இதனால் வேகம் வந்தது. கூடவே புதிய தேக்கங்களும் வந்தன.

அவற்றில் ஒன்றை மட்டும் அருகிலிருந்து பார்ப்போம். முதற் செயலி ஒரு பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நினைவக விலாசங்களின் பழைய மொழிபெயர்ப்புகளை அழித்துவிடும்படி மற்ற எல்லாச் செயலிகளுக்கும் குறுக்கீடு அனுப்பி, ஒவ்வொன்றின் ஒப்புதலுக்காகவும் காத்து நிற்கிறது. இரண்டாம் செயலி தன் குறுக்கீடுகளைத் தடுத்துவிட்டு அதே பூட்டுக்காகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. முதலாவதன் கூப்பாடு இரண்டாவதற்குக் கேட்காது. கேளாதவரை ஒப்புதல் வராது. ஒப்புதல் வராதவரை பூட்டு விடுபடாது. இரண்டு புரோகிராம் பகுதிகளையும் தனித்தனியே படித்துப் பார்ப்பவர் ஒன்றிலும் குற்றம் காணமாட்டார். இரண்டும் ஒரு குறிப்பிட்ட கணத்தில் சந்திப்பதில்தான் குற்றம் இருக்கிறது. அந்தக் கணம் மாதக்கணக்கில் வராமலும் இருக்கலாம். டைக்ஸ்ட்ரா அஞ்சியது இதைத்தான்.

உறங்கிய என்.எம்.ஐ.யை எழுப்பியவரும் மோல்னாரே. 2001-இல் வெளிவந்த லினக்ஸ் 2.4 பதிப்பில் அவர் தொடங்கிய வாட்ச்டாக் என்ற காவல் ஏற்பாடு இடம் பெற்றிருந்தது. கடிகாரத்தின் சாதாரணக் குறுக்கீடு ஒவ்வொரு செயலியிலும் ஓர் எண்ணிக்கையை உயர்த்தும். தடுக்க முடியாத என்.எம்.ஐ. அவ்வப்போது வந்து அந்த எண்ணிக்கை உயர்ந்திருக்கிறதா என்று பார்க்கும். ஐந்து விநாடிகள் உயராமலே இருந்தால், செயலி சிக்கிவிட்டது என்று அறிவித்து அப்போதைய ரிஜிஸ்டர்களை அச்சிடும். அப்போலோவின் எச்சரிக்கைச் சர்க்கியூட்டும் கே.எல்.10-இன் உயிர்த்துடிப்பும் இங்கே ஒன்றாகச் சேர்ந்தன எனலாம். 2010-இல் இது திருத்தி எழுதப்பட்டது. செயலியின் உள்ளே உழைப்பை அளக்கும் கவுன்ட்டரே இப்போது என்.எம்.ஐ.யை எழுப்புகிறது, காத்திருக்கும் கெடு வழக்கமாகப் பத்து விநாடி.

அந்த அறிக்கை கையில் கிடைத்தவர் அதை எப்படிப் படிக்கிறார் என்பதும் இத்தொழிலின் ஓர் அழகான பகுதி. முதலில் கொடி ரிஜிஸ்டரைப் பார்ப்பார். பதினாறடிமானத்தில் 246 என்றிருந்தால் குறுக்கீட்டுப் பிட் திறந்திருக்கிறது. அந்த 2 இல்லாமல் 46 என்று மட்டும் இருந்தால் மூடியிருக்கிறது. அடுத்துச் செயலி நின்ற இடம். அது பூட்டுக்காகச் சுற்றும் ஃபங்ஷனாக இருப்பது மிகச் சகஜம். கீழே அச்சாகியிருக்கும் கட்டளை பைட்டுகளின் நடுவே எஃப்3, 90 என்ற ஜோடி கண்ணில் பட்டால், அது சற்றே இளைப்பாறிச் சுற்றும்படி சொல்லும் கட்டளை என்பதால் சந்தேகத்துக்கே இடமில்லை. அனுபவமில்லாதவர் இந்த இடத்தைக் குற்றவாளி என்று எடுத்துக்கொண்டு நாள் முழுவதும் அங்கேயே தேடுவார். உண்மையில் அறிக்கை கொடுத்த செயலி பெரும்பாலும் பாதிக்கப்பட்ட கட்சி. பூட்டை வைத்துக்கொண்டு விடாதவர் வேறெங்கோ இருக்கிறார். ஆகவே தேர்ந்தவர், எல்லாச் செயலிகளின் அழைப்புத் தொடர்களையும் ஒருமிக்க அச்சிடச் செய்து, ஒரே பூட்டுக்காகச் சுற்றும் பலரை ஒதுக்கிவிட்டு, வேறு காரியத்தில் இருக்கும் அந்த ஒருவரைத் தேடுவார். 2005-இல் 2.6.13 பதிப்பில் வந்த கேடம்ப் வசதிக்குப் பிறகு, நினைவகத்தின் ஒதுக்கிய மூலையில் காத்திருக்கும் இரண்டாவது கெர்னலைத் தொடங்கி, சிக்கிய முதற் கெர்னலின் நினைவகம் முழுவதையும் அப்படியே எடுத்து வைத்துச் சாவகாசமாக ஆராயவும் முடிகிறது.

எனினும் நடந்த பின் விசாரிப்பதைக் காட்டிலும் நடக்குமுன் அறிவது மேலானது. அந்த வகையில் 2006 செப்டம்பரில் வந்த 2.6.18 பதிப்பின் லாக்டெப் என்னும் சோதனையை இந்தச் சரித்திரத்தின் சிகரம் என்றே சொல்வேன்; மோல்னாரும் ஆர்யன் வான் டி வென்னும் அதை உருவாக்கினார்கள். ஒவ்வொரு வகைப் பூட்டும் எப்போதாவது குறுக்கீட்டைக் கவனிக்கும் பகுதிக்குள் எடுக்கப்பட்டதா, எப்போதாவது குறுக்கீடுகள் திறந்திருக்கையில் எடுக்கப்பட்டதா என்று அது குறித்து வைத்துக்கொண்டே வரும். இரண்டும் ஒரே பூட்டுக்கு உண்மையானால், பூட்டை வைத்திருக்கும் வேளையில் குறுக்கீடு வந்து அதே பூட்டைக் கேட்கும் ஒரு கணம் என்றைக்காவது வரக்கூடும். வந்தால் அந்தச் செயலி தன்னிடமிருந்தே பூட்டை எதிர்பார்த்துச் சுற்றும். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, ஒன்றுக்கொன்று சம்பந்தமின்றி அவ்விரு நிகழ்ச்சிகளும் நடந்திருந்தாலே லாக்டெப்புக்குப் போதும். தேக்கம் நேராமலே அதன் முழு விவரத்தையும் தெரிவித்துவிடும். தவறு மறுபடி நேரும் வரை காத்திருக்கவேண்டிய அவஸ்தை இதனால் பெருமளவு தீர்ந்தது. குறுக்கீட்டைத் தர்க்கத்தாலன்றி ஆள முடியாது என்ற டைக்ஸ்ட்ராவின் கொள்கை, அவர் 2002-இல் காலமான நான்கு ஆண்டுகளுக்குப் பின், ஓடும் கெர்னலின் உள்ளேயே ஓர் இடம் பெற்றது.

சிக்கனச் செயலிகளின் கதை தனி. கைப்பேசிகளில் பரவிய ஆர்ம் வகைச் செயலிகள் பெரும்பாலானவற்றில் லினக்ஸ் பயன்படுத்தத்தக்க என்.எம்.ஐ. இருக்கவில்லை. 2019-இல் 5.1 பதிப்பில் அதற்கு ஒரு யுக்தி செய்தார்கள்: குறுக்கீடுகளைத் தடுக்கவேண்டிய இடங்களில் செயலியின் தடைப் பிட்டைத் தொடாமல், குறுக்கீட்டுக் கன்ட்ரோலரில் முன்னுரிமை எல்லையை மட்டும் உயர்த்தி, அந்த எல்லைக்கும் மேற்பட்ட சிலவற்றை எப்போதும் உள்ளே விடுவது என்பது அது. பி.டி.பி.-11-இன் முன்னுரிமைப் படிகளை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகப் படாது. அந்த வசதியும் வாய்க்காத சாதனங்களுக்காக 2023-இன் 6.5 பதிப்பில் மற்றோர் ஏற்பாடு சேர்ந்தது. அதில் ஒவ்வொரு செயலியும் தன் அடுத்த செயலியின் கடிகார எண்ணிக்கை உயர்கிறதா என்று பார்த்து வருகிறது.

சாட்சி கண்டதை வெளியே சொல்வதும் எளிதாக இருந்ததில்லை. லினக்ஸ் அச்சிடும் முறைக்கே சொந்தப் பூட்டுகள் இருந்தன. அவற்றை வைத்திருக்கும் வேளையில் செயலி சிக்கிவிட்டால், என்.எம்.ஐ. வந்து கண்டுபிடித்தாலும் அறிக்கையை அச்சிடப் போய் அதுவும் சிக்கிவிடக்கூடும். சீரியல் கம்பியின் வழியே எழுத்து எழுத்தாக நீண்ட அறிக்கைகளை அச்சிடுகையில் குறுக்கீடுகள் வெகுநேரம் தடைப்பட்டு, அச்சிடுவதே தேக்கத்துக்குக் காரணமானதும் உண்டு. குறித்த கெடுவுக்குள் மறுமொழி தரவேண்டிய நிகழ்நேரக் கெர்னலைத் தலைமைப் பதிப்போடு இணைக்க ஏறக்குறைய இருபது ஆண்டுகள் உழைத்தவர்களுக்குக் கடைசித் தடையாக நின்றது இந்த அச்சிடும் பகுதியே. வழக்கமான வேளையில் தனி இழை ஒன்று நிதானமாக அச்சிடவும், ஆபத்து வேளையில் எந்த நிலையிலிருந்தும், என்.எம்.ஐ.க்குள்ளிருந்தும்கூட, கன்சோலைக் கைப்பற்றிச் சாதனத்தில் நேரடியாக எழுதவும் வல்லதாக அதைப் புதிதாக அமைத்தார்கள். அந்த வேலை போதிய அளவு முடிந்த பிறகே, 2024 நவம்பரில் வெளிவந்த 6.12 பதிப்பில் நிகழ்நேர அமைப்பு இடம் பெற்றது. அந்த அமைப்பைத் தேர்ந்து கட்டிய கெர்னலில் பெரும்பாலான சுழல் பூட்டுகள் குறுக்கீடுகளைத் தடுப்பதே இல்லை. குறுக்கீட்டைக் கவனிக்கும் வேலைகளும் பெரும்பாலும் தனி இழைகளாகவே ஓடுகின்றன. செயலிகளுக்கு வேலை பங்கிடும் பட்டியல், கடிகாரம், குறுக்கீட்டுக் கன்ட்ரோலர் போன்ற சில உட்பகுதிகளில் மட்டும் பழைய தடை நீடிக்கிறது.